பேஸ்பால் அணியின் மைனர் லீக் வீரர்களை வரிசைப்படுத்துவது எப்படி? பைரேட்ஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ப்ராஸ்பெக்ட் (மேஜர் லீக்குக்கு வரக்கூடியவர் என்று அணி எதிர்பார்க்கும் மைனர் லீக் வீரர்) பட்டியல் போடப் புதிதாக உட்காருபவர் முதலில் செய்வது, தாளில் 1 என்று எழுதிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எழுதுவது. 2, 3 வரை கை தானாக ஓடும். 7-இல் தடுமாறும். 12-க்கு மேல், முன்பு எங்கோ பார்த்த பட்டியல்தான் மனசிலிருந்து இறங்கும். நண்பர்கள் நாலைந்து பேர் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இதே ரகம்தான்.

எண் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றை முன்பின்னாகச் செய்தால் பட்டியல் கோணிவிடும். பேஸ்பால் ஆட்டம் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை, 2025 சீசன் முடிந்த நிலையில் எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையில் வரும் எல்லா வகைச் சிக்கலும் அந்த ஓர் அணியிலேயே கிடைக்கும்.

1. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தேதி. "அக்டோபர் 15 நிலவரப்படி" என்பது போல ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடக்கும் டிரேட், காயம் எதுவும் இந்தப் பட்டியலைத் தொடக்கூடாது. தேதி இல்லாமல் ஆரம்பித்தால் மூன்று வாரம் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

அப்புறம் ஒரு எக்செல் ஷீட். பத்தி வரிசை இப்படி இருக்கட்டும்: பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம், கடைசியாக ஆடிய லெவல், கையெழுத்துப் போனஸ் (ஒப்பந்தம் போடும்போது அணி கொடுத்த தொகை), ஸ்ட்ரைக்அவுட் விகிதம், வாக் விகிதம், காயம், குறிப்பு. தர எண்ணுக்கும் வரிசை எண்ணுக்கும் கடைசியில் இரண்டு பத்தி. இப்போதைக்குக் காலியாகவே கிடக்கட்டும். பேட்டிங் சராசரிக்குப் பத்தி வேண்டாம். இருந்தால் கண் அங்கேதான் போகும்.

எண்களுக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சவண்ட் ஆகிய மூன்று தளங்கள் போதும். மற்றவர்கள் போட்ட தரவரிசைகளை இந்தக் கட்டத்தில் திறக்கவே திறக்காதீர்கள். காரணம் கடைசியில் வரும்.

2. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?

"யார் நல்ல வீரர்?" என்ற கேள்வி உதவாது. இன்றைக்கே மேஜர் லீக்கில் கடைசி வரிசை பேட்டராக ஆடக்கூடிய 26 வயதுக்காரரும், ஐந்து வருடம் கழித்து நட்சத்திரமாகவோ ஒன்றுமில்லாமலோ போகக்கூடிய 18 வயதுப் பையனும் ஒரே பட்டியலில் வர வேண்டும். இருவரையும் அளக்க ஒரே கோல் வேண்டும்.

நான் வைத்திருக்கும் கேள்வி இது: இந்த இருவரில் ஒருவரை இன்றைக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அணி யாரை வைத்துக்கொள்ளும்? இதில் உச்சம் எவ்வளவு, அதை எட்டும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் எல்லாமே அடங்கிவிடும். ஷீட்டின் மேல் வரியில் இதை எழுதி வையுங்கள். பாதி வழியில் கேள்வியே மாறிப்போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முதல் பத்து பேரை உச்சத்தை வைத்தும், அடுத்த பத்து பேரை யார் சீக்கிரம் மேலே வருவார் என்பதை வைத்தும் போட்டுவிடுவார்கள்.

3. ஆள் சேர்ப்பது

ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்குக் கீழும் நான்கு முழு சீசன் அணிகள் உண்டு. பைரேட்ஸுக்கு மேலிருந்து கீழாக: ட்ரிபிள்-ஏ இண்டியானாபொலிஸ், டபுள்-ஏ ஆல்டூனா, ஹை-ஏ கிரீன்ஸ்பரோ, சிங்கிள்-ஏ பிராடன்டன். அதற்கும் கீழே ஃப்ளோரிடா காம்ப்ளக்ஸ் லீக், டொமினிகன் சம்மர் லீக். ஆறு இடத்து ரோஸ்டரையும் (அணியின் வீரர் பட்டியல்) திறந்து எல்லாப் பெயரையும் ஷீட்டில் கொட்டுங்கள். யாரையும் இப்போதே கழிக்க வேண்டாம்.

பிறகு தகுதி. 130 அட்-பேட், பிட்சராக இருந்தால் 50 இன்னிங்ஸ், அல்லது மேஜர் லீக் ஆக்டிவ் ரோஸ்டரில் 45 நாள். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டியவர் புதுமுகம் இல்லை, பட்டியலில் வரமாட்டார். காயப் பட்டியலில் கழிந்த நாள் இந்தக் கணக்கில் சேராது.

பைரேட்ஸ் பிட்சர் பபா சாண்ட்லரைப் பாருங்கள். அவர் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியது 2025 ஆகஸ்ட் 22. சீசன் முடிந்தது செப்டம்பர் 28. எண்ணினால் 38 நாள். இன்னிங்ஸும் 50-ஐ எட்டவில்லை. ஆக, பிட்ஸ்பர்க்கில் வீசியதை டிவியில் பார்த்தோம் என்பதற்காக அவரைத் தூக்கிவிடக்கூடாது. அவர் இன்னும் ப்ராஸ்பெக்ட்தான். இரண்டாம் இடத்துக்குப் போட்டியிட வேண்டியவரையே பட்டியலில் விட்டவர்களை எனக்குத் தெரியும். நான் செய்தது இதற்குத் தலைகீழ்: ஒரு வருடம், 130 அட்-பேட்டை ஆகஸ்டிலேயே தாண்டியிருந்த ஒருவரை ஒன்பதாம் இடத்தில் வைத்து, அவருக்கு அரைப் பக்கம் குறிப்பும் எழுதிவிட்டேன்.

விடுபடுகிறவர்கள் மூன்று வகை. சீசன் முழுக்கக் காயத்தில் இருந்ததால் எந்த ரோஸ்டரிலும் கண்ணில் படாதவர், ஜூலைக் கடைசி டிரேட்களில் வந்தவர், ஜூலை டிராஃப்டில் (பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வு) எடுக்கப்பட்டு இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். 2025-இல் ஆறாவதாக எடுக்கப்பட்ட கலிஃபோர்னியா பள்ளி பிட்சர் செத் ஹெர்னாண்டஸ் மூன்றாம் வகை. இந்த மூன்றையும் தனியாக ஒருமுறை தேடுங்கள். ஜனவரி 15 அன்று புது வெளிநாட்டு ஒப்பந்தங்கள் தொடங்கும் என்பதால், அதற்குப் பிந்தைய பட்டியல் என்றால் நான்காவது தேடலும் உண்டு.

4. வயதை லெவலோடு சேர்த்துப் படியுங்கள்

எண்களைப் பார்க்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். எண்ணைப் பார்த்து ஒருமுறை மயங்கிவிட்டால், அப்புறம் வயது கண்ணுக்கே தெரியாது.

சிங்கிள்-ஏயில் ஏறத்தாழ 21, ஹை-ஏயில் 22 அல்லது 23, டபுள்-ஏயில் 24, ட்ரிபிள்-ஏயில் 26: இவ்வளவுதான் மனதில் நிற்க வேண்டியது. ஒரு வயது இளையவர் என்றால் ஷீட்டில் ஒரு கூட்டல் குறி. இரண்டு வயது மூத்தவர் என்றால் இரண்டு கழித்தல்.

பைரேட்ஸின் ஷார்ட்ஸ்டாப் கானர் கிரிஃபின் பிறந்தது 2006 ஏப்ரலில். 2024-இல் மிசிசிப்பிப் பள்ளியிலிருந்து ஒன்பதாவதாக எடுக்கப்பட்டவர். 2025-இல் பிராடன்டனில் தொடங்கி, கிரீன்ஸ்பரோ வழியாக ஆல்டூனாவில் சீசனை முடித்தார், மூன்றிலும் சேர்த்து .333 சராசரி, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல். 19 வயதில், தன்னைவிட நாலைந்து வயது மூத்த பிட்சர்களுக்கு எதிராக. இதே எண்ணை 24 வயதுக்காரர் ஹை-ஏயில் எடுத்திருந்தால் செய்தி என்னவென்றால், அவர் ஏன் இன்னும் அங்கே இருக்கிறார் என்பதுதான்.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. நட்சத்திர பிட்சர் ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். 2010-இல் ஒன்பதாவது ரவுண்டில் எடுத்தபோது வீசத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. முழங்கை அறுவை சிகிச்சையும் சேர்ந்துகொள்ள, மேஜர் லீக்குக்கு வரும்போது 26-ஐ நெருங்கிவிட்டார். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் கழித்தல் குறியைப் பாதியாக்குங்கள். காரணம் இல்லாமல் தாமதம் மட்டும் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

5. டிராஃப்ட் எண்ணை விடுங்கள், போனஸைப் பாருங்கள்

எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதைவிட எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதுதான் அணியின் மதிப்பீட்டைக் காட்டும். ஒவ்வோர் அணிக்கும் டிராஃப்டுக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு. ஒருவருக்குக் குறைத்தால் இன்னொருவருக்குக் கூட்டலாம். 2021-இல் பைரேட்ஸ் முதல் இடத்தில் கேட்சர் ஹென்றி டேவிஸை எடுத்து, அந்த இடத்துக்கு வகுத்திருந்த தொகையைவிடக் குறைவாக, 65 லட்சம் டாலருக்கு முடித்தார்கள். மிச்சப்பட்டது எங்கே போனது? கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடப் போவதாக இருந்த சாண்ட்லரை மூன்றாவது ரவுண்டில் எடுத்து 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். "மூன்றாம் ரவுண்டு ஆள்" என்று அவரை எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே தப்பு செய்தார்கள்.

ஆனால் போனஸுக்கும் காலாவதித் தேதி உண்டு. முதல் வருடம் அதுதான் பெரிய தகவல். இரண்டாம் வருடம் பாதி. மூன்றாம் வருடத்துக்கு மேல் அதை நான் பார்ப்பதே இல்லை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஹொசே ஆல்டுவேக்குக் கொடுத்தது வெறும் 15,000 டாலர்.

6. எண்களைப் படிக்கும் வரிசை

பேட்டருக்கு முதலில் ஸ்ட்ரைக்அவுட் விகிதம். சில வாரத்திலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும் எண் இது. பேட்டிங் சராசரி ஒரு முழு சீசன் ஆனாலும் நிலைக்கு வராது. நூறு முறை பேட் பிடித்து 30-க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் என்றால், அதுவும் கீழ் லெவலில் என்றால், எனக்குப் பயம் வந்துவிடும். மேலே போகப் போகப் பந்து இன்னும் வளையும்.

இரண்டாவது வாக் விகிதம். இதில் ஒரு பொறி உண்டு. டொமினிகன் சம்மர் லீக்கில் பிட்சர்களே 17, 18 வயதுப் பையன்கள். ஸ்ட்ரைக் போட அவர்களுக்கே இன்னும் சரியாக வரவில்லை. சும்மா நின்றாலே வாக் கிடைக்கும். அங்கே எடுத்த வாக்கை நான் ஏறக்குறைய கணக்கிலேயே எடுப்பதில்லை. ட்ரிபிள்-ஏயிலும் ஒரு விஷயம்: 2023-இல் எல்லா மைதானத்திலும் தானியங்கி ஸ்ட்ரைக் முறையைப் பரீட்சித்தபோது வாக் விகிதம் அந்த லீக் முழுக்கவே ஏறியது. பழைய சீசனோடு ஒப்பிடும்போது இதை மறந்தால், ஒருவர் திடீரென்று பொறுமைசாலி ஆகிவிட்டதாகத் தோன்றும்.

மூன்றாவது, அடியின் வேகம். எல்லோரும் பார்க்கக் கிடைக்கும் ஸ்டாட்காஸ்ட் (பந்தின் வேகத்தையும் போக்கையும் கருவியால் அளக்கும் முறை) தரவு ட்ரிபிள்-ஏக்கும், சிங்கிள்-ஏயில் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்குக்கும்தான். பிராடன்டன் அந்த லீக்கில் ஆடுவது நம் அதிர்ஷ்டம். அதனால் பைரேட்ஸ் பையன் ஒருவர் பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்பது பிராடன்டனில் தெரியும், இண்டியானாபொலிஸில் தெரியும். நடுவில் கிரீன்ஸ்பரோ, ஆல்டூனா இரண்டிலும் இருட்டு. பிராடன்டனில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏறிப் போனபின் அதுதான் கையிருப்பு. சராசரி வேகத்தைவிட, அவர் அடித்ததில் வேகமான பத்தில் ஒரு பங்கு எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். மெதுவாக உருட்டிய பந்துகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

நான்காவதாகத்தான் ஹோம் ரன், ஸ்லக்கிங் எல்லாம். அதுவும் மைதானத்தைப் பார்த்துவிட்டு.

கிரீன்ஸ்பரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பைரேட்ஸ் பட்டியல் போடுகிற எல்லோரும் விழும் குழி அது. ஹோம் ரன் சுலபமாகப் பறக்கும் மைதானம் என்று அந்த ஊருக்குப் பெயர். வேறு ஊரில் வேலியோரத்தில் பிடிபடும் பந்து அங்கே உள்ளே போய் விழும். கிரீன்ஸ்பரோவில் பூ மாதிரி ஹோம் ரன் உதிர்த்துவிட்டு, அடுத்த வருடம் ஆல்டூனாவில் காணாமல் போனவர்கள் ஏராளம். ஒரு நண்பர் ஒரு வருடம் அப்படி ஓர் அவுட்ஃபீல்டரை நான்காம் இடத்தில் வைத்து என்னோடு சண்டையே போட்டார். நான் செய்ததெல்லாம், உள்ளூர் ஆட்டங்களையும் வெளியூர் ஆட்டங்களையும் தனித்தனிப் பத்தியில் போட்டுக் காட்டியதுதான். ஹோம் ரன்னில் முக்கால்வாசி உள்ளூரில். நண்பர் ஷீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பதினாறு" என்றார்.

ஆகவே கிரீன்ஸ்பரோ பேட்டர் என்றால் வெளியூர் எண்ணை மட்டும் படியுங்கள். பிட்சர் என்றால் தலைகீழ்: அங்கே கூடுதலாக ஹோம் ரன் கொடுத்ததைக் கொஞ்சம் மன்னிக்கலாம். பேட்டரின் மொத்த அடியை, லீக் சராசரியை 100 என்று வைத்துக் கணக்கிடும் டபிள்யூஆர்சி பிளஸ் எண் பாதி வேலையைச் செய்யும், ஆனால் மைனர் லீக்கில் அது மைதானத்தைச் சரிக்கட்டிவிட்டதாக நம்பி உட்காராதீர்கள்.

7. ஆடும் இடம்

அடிக்கும் திறமை ஒன்றுபோல இருக்கும் இருவரில் ஷார்ட்ஸ்டாப் மேலே, ஃபர்ஸ்ட் பேஸ் கீழே. காரணம் எளிது. ஷார்ட்ஸ்டாப்புக்கு அடி வரவில்லை என்றால் செகண்டுக்கோ தேர்டுக்கோ சென்டர் ஃபீல்டுக்கோ நகர்த்தலாம். ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கு அதற்கு அப்பால் போக இடமே இல்லை, அடித்தே தீர வேண்டும்.

ரோஸ்டரில் எழுதியிருக்கும் இடத்தை நம்பாமல், கடைசி இரண்டு மாதம் உண்மையில் எங்கே நின்றார் என்று எண்ணுங்கள். ஷார்ட்ஸ்டாப் என்று எழுதியிருப்பார்கள். ஆடியது பாதி நாள் செகண்டில் இருக்கும். அணி என்ன நினைக்கிறது என்பதை வாயால் சொல்லாது, இப்படித்தான் சொல்லும்.

8. பிட்சர்களுக்குத் தனிக் கணக்கு

ஈஆர்ஏயை (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் சராசரியாகக் கொடுக்கும் ரன்) தள்ளி வையுங்கள். மைனர் லீக்கில் ஃபீல்டிங் கரடுமுரடு. அணியே "இன்று ஃபாஸ்ட்பால் குறைவாகப் போடு, சேஞ்ச்-அப் பழகு" என்று சொல்லி இறக்கியிருக்கும். அன்றைக்கு ஐந்து ரன் போனால் அது பாடத்தின் விலை.

நான் பார்ப்பது ஸ்ட்ரைக்அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்தால் வருவது, ஃபாஸ்ட்பால் வேகம், நம்பிப் போடக்கூடிய பந்துகள் எத்தனை, ஓர் ஆட்டத்தில் எத்தனை இன்னிங்ஸ் தாங்குகிறார். கடைசி இரண்டும்தான் ஸ்டார்ட்டரா ரிலீவரா என்று பிரிக்கும். இரண்டே பந்து வைத்துக்கொண்டு மூன்றாவது முறை அதே பேட்டரைச் சந்திப்பது கஷ்டம். ஸ்டார்ட்டர் ஆவார் என்று நம்பினால் ஒரு படி மேலே, ரிலீவர்தான் என்று தோன்றினால் வேகம் எவ்வளவு இருந்தாலும் ஒரு படி கீழே.

பிட்சர் என்றால் முழங்கையும் தோளும் சேர்ந்தே வரும். டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். சமமாகத் தோன்றும் பேட்டருக்கும் பிட்சருக்கும் நடுவே நான் எப்போதும் பேட்டரைத்தான் மேலே வைப்பேன். பால் ஸ்கீன்ஸ் போல 2023 ஜூலையில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு அடுத்த மே மாதமே மேஜர் லீக்கில் வீசுகிறவர் எப்போதாவது வருவார். அவரை வைத்து விதி எழுத முடியாது.

9. ஒரு தடவையாவது நேரில் பாருங்கள்

ஆல்டூனா பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வலது வேலிக்குப் பின்னால் ஒரு மர ரோலர் கோஸ்டர் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். இங்கெல்லாம் ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. ஸ்டார்ட்டர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவார் என்பதால், பார்க்க வேண்டிய பிட்சரின் நாளை விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். வலது கை பேட்டரின் முன்பக்கம் தெரிய வேண்டுமானால் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம். வலது கை பிட்சருக்கு தேர்ட் பேஸ் பக்கம். இடது கை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். எனவே நான் முதல் நாலு இன்னிங்ஸ் ஒரு பக்கம், அப்புறம் எழுந்து மறுபக்கம். மைனர் லீக்கில் காலி நாற்காலிக்குப் பஞ்சமே இல்லை.

கையில் போன் ஸ்டாப்வாட்ச். பேட் பந்தில் பட்டதிலிருந்து கால் ஃபர்ஸ்ட் பேஸைத் தொடும் வரை எண்ணுங்கள். வலது கை பேட்டர் 4.3 வினாடி, இடது கை 4.2 வினாடி என்றால் சராசரி ஓட்டம். கேட்சர் பந்தைப் பிடித்து செகண்டுக்கு எறிந்து அது சேர இரண்டு வினாடி என்றால் அதுவும் சராசரி. இதை மூன்று முறையாவது எடுங்கள். அவுட் என்று தெரிந்தபின் பாதி வேகத்தில் ஓடுகிறவர்கள் நிறைய.

பார்த்ததை, ஒவ்வொரு திறமைக்கும் ஸ்கவுட்கள் மதிப்பெண் போடும் 20-80 அளவில் எழுதுங்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி, 60 நல்லது, 70 அபூர்வம். இங்கே புதியவர் செய்யும் தவறு, பள்ளி மார்க் போல நினைப்பது. ஹை-ஏ அணியில் நன்றாகத் தெரிகிறாரே என்று 60, 65 என்று வாரி வழங்குவார்கள். மேஜர் லீக்கோடு ஒப்பிட்டால் அதில் பாதி 40 ஆகிவிடும். இன்னொன்று, ஒரே நாள் பார்த்ததை வைத்து ஷீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். நேரில் பார்ப்பது எண்ணுக்கான காரணத்தைத் தேடத்தான்.

10. முதலில் அடுக்கு, பிறகு எண்

இப்போதுதான் மதிப்பீடு. ஒவ்வொருவரும் கடைசியில் என்னவாக வாய்ப்பு என்று ஒரே ஓர் எண் கொடுங்கள். ஆல்-ஸ்டார் ரகம் 60. சராசரிக்கு மேல் தினமும் ஆடுகிறவர் 55. சராசரி தின ஆட்டக்காரர் அல்லது நடுத்தர ஸ்டார்ட்டர் 50. பாதி நாள் ஆடுகிறவர், ஐந்தாவது ஸ்டார்ட்டர் 45. பெஞ்ச், நடு ரிலீவர் 40. இதற்குள்ளேயே ஆபத்தைக் கழித்துவிடுங்கள்: 60 ஆகலாம், ஆனால் பத்தில் ஏழு முறை ஒன்றும் ஆகமாட்டார் என்றால் அவர் 45.

அடுக்கு ஏன் முதலில் வேண்டும்? 6-க்கும் 7-க்கும் உள்ள தூரமும் 2-க்கும் 3-க்கும் உள்ள தூரமும் ஒன்றில்லை. அடுக்கு போட்டபின், 14-ஆவது இடத்திலிருந்து 26 வரை எல்லோரும் ஒரே 40 என்று தெரியும்போது, அங்கே யாருக்கு எந்த எண் என்று இரவு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது பேர் பட்டியலில் பாதிக்கு மேல் 40-ம் அதற்குக் கீழும்தான் வரும். உங்கள் ஷீட்டில் 50 பன்னிரண்டு பேருக்கு இருந்தால், சொந்த அணிப் பாசம் கண்ணை மறைக்கிறது என்று அர்த்தம்.

11. இருவர் இருவராக நிறுத்துங்கள்

ஓர் அடுக்குக்குள் இருவரை எடுத்து இரண்டாம் படியில் எழுதிய கேள்வியைக் கேளுங்கள். பைரேட்ஸின் முதல் சிலரை நான் நிறுத்திய விதத்தைச் சொல்கிறேன்.

கிரிஃபினா சாண்ட்லரா? 19 வயது, டபுள்-ஏ, ஷார்ட்ஸ்டாப் ஒரு பக்கம். 23 வயது, மேஜர் லீக்கில் ஏற்கெனவே கால் வைத்த, பயங்கர வேகமுள்ள கை மறுபக்கம். டிராஃப்டின்போது கிரிஃபினின் பேட் பந்தில் படுமா என்ற சந்தேகம் இருந்தது. 2025 அதில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. சாண்ட்லர் இண்டியானாபொலிஸில் நடு சீசனில் வாக் கொடுக்க ஆரம்பித்தது எனக்கு உறுத்துகிறது. கிரிஃபின் 1. அதிக நேரம் யோசிக்கவில்லை.

சாண்ட்லரா ஹெர்னாண்டஸா? இருவருமே பிட்சர்கள். ஒருவர் வந்துவிட்டார், இன்னொருவருக்கு வழி முழுக்க மீதி. சாண்ட்லர் 2.

ஹெர்னாண்டஸா, டர்மார் ஜான்சனா? இங்கேதான் நேரம் போனது. ஜான்சன் 2022-இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர், பள்ளி பேட்டர்களில் அசாத்தியமாக அடிப்பவர் என்று பேசப்பட்டவர். மைனர் லீக்கில் வாக் நிறைய எடுத்தார், அடி அந்தப் பேச்சுக்கு ஏற்ப வரவில்லை. ஆடுவது செகண்ட் பேஸ், நகர்த்த இடம் குறைவு. 21 வயதில் டபுள்-ஏ என்பதால் கூட்டல் குறிகள் உண்டு. ஆனால் மூன்று வருடம் முந்திய டிராஃப்ட் புகழை ஐந்தாம் படியிலேயே கழித்துவிட்டோம். ஹெர்னாண்டஸ் 3. ஜான்சனுக்கும் 18 வயதிலேயே பிராடன்டனில் ஆடிய எட்வர்ட் ஃப்ளோரன்டினோவுக்கும் நடுவே, பிராடன்டனின் அடி வேகத் தரவைப் பார்த்துவிட்டு இளையவரை 4 என்று வைத்தேன். ஜான்சன் 5. இதில் என்னோடு சண்டை போட ஆள் இருப்பார்கள்.

எவ்வளவு கேட்டும் பிரியாதவர்கள் வந்தால் ஒப்பந்தக் கணக்கைப் பாருங்கள். 18 வயதுக்குள் கையெழுத்திட்டவரை ஐந்து சீசனுக்குள்ளும், அதற்கு மேல் வயதில் கையெழுத்திட்டவரை நான்கு சீசனுக்குள்ளும் 40 பேர் ரோஸ்டரில் (மேஜர் லீக் அணி தன்னிடம் வைத்துக்கொள்ளும் பட்டியல்) சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். சமமான இருவரில் அவகாசம் மிச்சமுள்ளவர் மேலே. இதை முதலிலேயே கணக்கில் சேர்க்காதீர்கள், திறமையை மூடிவிடும்.

12. இப்போது மற்றவர்களின் பட்டியலைத் திறக்கலாம்

உங்கள் பட்டியலை ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, அதன்பின் வெளியே பாருங்கள். முன்பே பார்த்திருந்தால் உங்கள் கருத்து எது, படித்தது எது என்று உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும். எட்டு இடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும் பெயர்களை மட்டும் எடுத்துத் திரும்பச் சோதியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: உங்களுக்குத் தெரியாத காயம், நீங்கள் தவறவிட்ட மைதானக் கணக்கு, அல்லது அவர்கள் போன வருடத்து எண்ணை இன்னும் மாற்றவில்லை. முதல் இரண்டுக்கும் மாற்றுங்கள், மூன்றாவதற்கு அசையாதீர்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஏன் இந்த இடம் என்று ஒன்று, எது நடந்தால் மாற்றுவேன் என்று இன்னொன்று. "ஆல்டூனாவில் ஸ்ட்ரைக்அவுட் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு படி மேலே" என்பது போல, சரிபார்க்க முடிந்ததாக இருக்கட்டும். வரிசை எண்ணை ஒரு வருடத்தில் மறந்துவிடுவீர்கள். இந்த இரண்டாவது வரிதான் அடுத்த ஆகஸ்டில், டிராஃப்டும் டிரேட் கெடுவும் முடிந்து ஷீட்டைத் திரும்பத் திறக்கும்போது முதலில் படிக்க வேண்டியது.